கிளாரினெட் கேள்வி – பதில்: கைவேலை எங்கே இருக்கிறது?

போன இதழில் கையால் செய்யும் கிளாரினெட் பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன், அதற்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே ஒரு வாரம் ஆனது. கிளாரினெட் பழுது பார்ப்பது என் தொழில், வாசிப்பும் உண்டு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் மெஷின் செய்யும் காலத்தில் ‘கைவேலை கிளாரினெட்’ என்று தனியாக விலை சொல்கிறார்களே, கையால் அப்படி என்னதான் செய்கிறார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

நியாயமான கேள்வி. மரத்தைக் கடைவது, கீகளைத் தாங்கும் தூண் பதிக்கத் துளை போடுவது, கீகளை, அதாவது துளைகளை மூடித் திறக்கும் உலோக நெம்புகளை, வெட்டி எடுப்பது இதெல்லாம் இன்று சின்னப் பட்டறைகளில்கூட கணினி லேத்திலும் மில்லிங் மெஷினிலும் நடக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை, மெஷின் துல்லியமாகத்தான் செய்யும். கை எங்கே வருகிறது என்றால், வெளியே தெரியாத இடத்தில் வருகிறது. வாங்குபவர்கள் கீயின் பளபளப்பையும் மரத்தின் கருப்பையும் பார்க்கிறார்கள், ஆனால் கருவியின் குணம் முழுக்க உள்துளையில், அதாவது நீளவாக்கில் காற்று போகும் வழியில்தான் இருக்கிறது.

கிளாரினெட்டின் உள்துளை நேர் உருளை என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும். நல்ல கருவி எதிலும் அது முழுக்க உண்மை இல்லை. பாரிஸ் பக்கத்தில் மாண்ட்-லா-வில் ஊரில் இருக்கும் பூஃபே கிராம்போன் நிறுவனத்துக்காக ரொபேர் காரே என்பவர் 1955-இல் வடிவமைத்த ஆர்-13 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாரினெட்டின் உடல் மேல், கீழ் என்று இரண்டு துண்டு, ஜாயிண்ட் என்போம். மேல் ஜாயிண்டின் தலைப்பகுதியில் துளை கொஞ்சம் அகலம், அங்கிருந்து படிப்படியாகக் குறைந்து நேர் உருளையாகி, கீழ் ஜாயிண்டின் அடியில் மறுபடி விரிந்து பெல் என்கிற அகன்ற அடிவாய்க்குள் போகும். நேர் உருளையாக இருக்கும் பகுதியின் விட்டம் சுமார் 14.65 மில்லிமீட்டர். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பேர்போன பூசி அண்ட் ஹாக்ஸ் 1010 மாடலில் அது 15.2 மில்லிமீட்டர். வித்தியாசம் ஏறக்குறைய உங்கள் விரல் நகத்தின் கனம், அவ்வளவுதான். அந்த நகக் கனத்தில்தான் ‘ஃபிரெஞ்சு நாதம்’, ‘இங்கிலீஷ் நாதம்’ என்று ஆட்கள் ஆயுசு முழுக்கச் சண்டை போடுகிறார்கள்.

இந்த வடிவத்தைக் கொண்டுவருவது ரீமர் என்கிற நீண்ட, கூம்பாகச் சரிந்த வெட்டுக்கருவி. ஒவ்வொரு கைவினைஞரும் தனக்கென்று ஒரு செட் ரீமர் வைத்திருப்பார், அதுதான் அவருடைய சொத்து. மரத்தில் முதலில் சின்னதாக ஒரு துளை போட்டு மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், சும்மா வைத்துவிடுவார்கள். மரம் உள்ளே இருக்கும் இறுக்கத்தை விட்டு, கோணுவதானால் கோணி, சுருங்குவதானால் சுருங்கி, ஒரு நிலைக்கு வர வேண்டும். அப்புறம் ரீமர் போட்டு, மறுபடி வைத்து, மறுபடி ரீமர். மெஷினுக்குப் பொறுமை பழக்க முடியாத இடம் இது.

அடுத்தது இன்னும் நுணுக்கம். விரல் வைக்கும் சுரத்துளையை வெளியிலிருந்து பார்த்தால் நேராகக் குடைந்த ஓட்டை மாதிரிதான் இருக்கும். உள்ளே, அது உள்துளையைத் தொடும் இடத்தில், வாயை அகட்டி விட்டிருப்பார்கள். இதற்கென்று கூம்பு வடிவத்தில் ஒரு சின்ன வெட்டுக்கருவி இருக்கிறது. அதை உள்துளை வழியாக நுழைத்து, சுரத்துளைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி, வெளியிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை இறக்கி அதில் திருகி மாட்ட வேண்டும். பிறகு கம்பியைப் பிடித்து மேலே இழுத்தபடியே மெதுவாகத் திருப்ப வேண்டும். இரண்டு சுற்று, எடுத்துவிட்டுத் தூசியைத் துடைத்து வாசித்துப் பார்க்க வேண்டும், போதவில்லை என்றால் இன்னும் அரைச் சுற்று. என் மேசையில் இதைச் செய்யும்போது விழுகிற தூள் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவுகூட இருக்காது, ஆனால் அதற்கு முன் தொண்டையில் சிக்கினாற்போல் இருந்த சுரம் அதற்குப் பின் தானாக வந்து விழும். அகட்டினால் சுருதி ஏறும், காற்று தடையில்லாமல் போகும், நாதம் திறக்கும். ஆனால் எடுத்த மரத்தைத் திருப்பி வைக்க முடியாது. அதனால்தான் காதும் கையும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். 24 துளைகளையும் இப்படி ஒவ்வொன்றாக வாசித்து வாசித்துத் திருத்திக் கொடுத்தால், அதைத்தான் நான் கைவேலை என்பேன். கீயை ஒரு ஆள் அரத்தால் ராவினார் என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

நாகஸ்வரத்தில் வாசிக்க ஏழு துளை போதும், ஒரு கீ கிடையாது. கிளாரினெட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை கீ? வடிவமைப்பில் எளிமையாக்க முடியாதா?
– நாகஸ்வர மாணவர், கும்பகோணம்

முடியாது, காரணம் குழாயிலேயே இருக்கிறது. நாகஸ்வரத்தின் உலவு, அதாவது குழாய், கூம்பு வடிவம். புல்லாங்குழல் ஊதும் துளை, அடிமுனை என்று இரண்டு பக்கமும் திறந்தது. இரண்டிலும் ஒரு ச-வைப் பிடித்து அழுத்தி ஊதினால் அதே விரலில் மேல் ஸ்தாயி ச வந்துவிடும். கிளாரினெட் உருளைக் குழாய், ஒரு முனை ரீடு என்கிற நாணல் பட்டையால் மூடியது. அதில் ச பிடித்துப் பின்கட்டைவிரல் கீயைத் திறந்தால் மேல் ஸ்தாயி ச வராது, அதைத் தாண்டி மேல் ஸ்தாயி ப-வுக்குப் போய் நிற்கும். ச-வுக்கும் அந்தப் ப-வுக்கும் நடுவே 19 அரைச்சுரங்கள். அத்தனையையும் துளை போட்டு நிரப்பியாக வேண்டும், நம்மிடம் இருப்பதோ பத்து விரல், அதிலும் வலது கட்டைவிரல் கருவியைத் தாங்குவதற்கே போய்விடுகிறது. மிச்சத்துக்குக் கீ.

இந்த மேலேற்றும் கீயைக் கொண்டுவந்தவர் என்று ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் இருந்த யோஹான் கிறிஸ்டோஃப் டென்னரைச் சொல்வார்கள், 1700-ஐ ஒட்டிய காலம். அவருடையதில் இரண்டே கீ. 1812 வாக்கில் இவான் முல்லர் 13 கீ வைத்தார். அப்புறம் பாரிஸில் வாசிப்பாளர் க்ளோசேயும் கருவி செய்பவரான லூயி-ஒகுஸ்த் பூஃபேயும் சேர்ந்து 1839-இலிருந்து வேலை செய்து, தெயோபால்ட் போம் என்ற ஜெர்மானியர் புல்லாங்குழலில் கொண்டுவந்த, விரல் துளையைச் சுற்றி வளையம் வைக்கும் வளையக் கீ யோசனையை இதில் ஏற்றி, 1844-இல் காப்புரிமை வாங்கினார்கள். 17 கீ, 6 வளையம் என்கிற அந்த அமைப்பைத்தான் இன்றும் உலகத்தில் பாதிக்கு மேல் வாசிக்கிறார்கள்.

உங்களுக்கு நாகஸ்வரம் தெரியும் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் வாத்தியத்தில் வாசிக்காத ஐந்து துளைகளில் மெழுகு வைத்துச் சுருதி சரி செய்வீர்கள் இல்லையா, கிளாரினெட் செய்பவருக்கு அந்தச் சுகம் இல்லை. மேலேற்றும் கீயின் துளை ஒன்றே ஒன்று. கணக்குப்படி அது ஒவ்வொரு சுரத்துக்கும் ஒலிக்கிற நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும், அதாவது சுரத்துக்குச் சுரம் இடம் மாற வேண்டும். ஒரே துளை எப்படி மாறும்? போதாக்குறைக்கு அதே சின்ன ஓட்டைதான் நடுவிலிருக்கும் பி-ஃபிளாட் சுரத்துக்கும் வழி. ஓட்டையைச் சிறிதாக்கினால் அந்தச் சுரம் மூக்கடைத்த மாதிரி வரும், பெரிதாக்கினால் கீழும் மேலும் சுருதி சேராது. உலகத்தில் எந்தக் கிளாரினெட்டை எடுத்தாலும் இந்த இடத்தில் ஒரு சமரசம் இருக்கும். அந்தச் சமரசத்தை எவ்வளவு நயமாகச் செய்திருக்கிறார் என்பதை வைத்துத்தான் நான் ஒரு கைவினைஞரை மதிப்பிடுவேன்.

இந்த ‘ச-விலிருந்து மேல் ப’ குணத்தைக் குறையாகப் பார்க்காமல் அதையே அடித்தளமாக வைத்து ஒரு கருவி செய்தவரும் உண்டு. கனடாவில் டொரண்டோவை ஒட்டிய ரிச்மண்ட் ஹில்லில் பட்டறை வைத்திருக்கும் ஸ்டீஃபன் ஃபாக்ஸ், இயற்பியல் படித்தவர். போலன்-பியர்ஸ் என்கிற சுர அமைப்பில் அந்த ப வரைக்கும் உள்ள தூரத்தை 19-க்குப் பதில் 13 சம பங்காகப் பிரிப்பார்கள், ஸ்தாயி என்பதே அதில் கிடையாது. அதற்கென்றே கிளாரினெட் செய்தார். படி பெரிதாகிவிட்டதால் கீயும் குறைந்துவிடுகிறது. குழாயின் இயல்பும் சுர அமைப்பும் இப்படி ஒன்றாகப் பொருந்துவதை நினைக்க நினைக்க எனக்கு மனசு நிறைகிறது.

கிளாரினெட் கருங்காலி மரத்தில் செய்வதா? அப்படியானால் இங்கேயே செய்யலாமே?
– மரக்கடை உரிமையாளர், ராஜபாளையம்

கருப்பாக இருப்பதால் எல்லோரும் கருங்காலி என்கிறார்கள், அது வேறு மரம். கிளாரினெட்டுக்குப் போவது கிரெனடில்லா, கிழக்கு ஆப்பிரிக்காவில் ம்பிங்கோ என்பார்கள், முக்கியமாக தான்சானியாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வருகிறது. உங்களுக்குப் புரியும்படி சொன்னால் அது நம் தோதகத்திக்குப் பங்காளி, இரண்டும் டால்பெர்ஜியா பேரினம். வைரம் மட்டும் பாய்ந்த துண்டைத் தண்ணீரில் போட்டால் கல் மாதிரி மூழ்கும். மரமோ சின்னது, கோணல் மாணலாக வளரும், வெட்டும் பருவத்துக்கு வர அறுபது எழுபது வருடம் ஆகும், அதிலும் வெடிப்பும் கணுவும் இல்லாத நேர்த்துண்டு கொஞ்சம்தான் தேறும். 2017 ஜனவரியில் டால்பெர்ஜியா மரங்கள் எல்லாவற்றையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது, கிளாரினெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாடு விட்டு நாடு போவதற்கே வாசிப்பவர்கள் பயந்தார்கள். 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள், மரத்துக்குக் கட்டுப்பாடு தொடர்கிறது.

நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரத்துக்குப் பழைய வீடுகளில் இருந்து எடுத்த ஆச்சா மரத்தைத் தேடிப் பிடிப்பார்களே, நோக்கம் அதேதான். வருடக்கணக்கில் காய்ந்து அடங்கிய மரம் இனிமேல் அசையாது. இங்கேயே செய்யலாமா என்றால், மரத்தை விட ரீமரும் கீ வேலையும்தான் பெரிய தடை. மரம் கிடைப்பதால் மட்டும் கிளாரினெட் வந்துவிடாது.

மரத்தில் செய்தால்தான் நாதமா? பிளாஸ்டிக் கிளாரினெட்டை என் பையனின் மாஸ்டர் தொடவே மாட்டேன் என்கிறார்.
– வாசகர், மதுரை

பையன் ஆரம்பநிலை என்றால் பிளாஸ்டிக்கே வாங்கிக் கொடுங்கள். ஜான் பேக்கஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1960-களில் இதை அளந்து பார்த்தார். குழாயின் சுவர் அதிர்ந்து அதிலிருந்து வரும் ஒலி, உள்ளே அதிரும் காற்று தரும் ஒலிக்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லை என்றுதான் முடிவு வந்தது. அப்படியானால் மரம் எதற்கு? கடினமான நெருக்கமான மரத்தில் ரீமர் வெட்டினால் கண்ணாடி மாதிரி வழவழப்பு வரும், துளை விளிம்பு கத்தி பட்டபடியே நிற்கும், தூண் திருகு பிடி விடாது. மரத்தின் பெருமை செய்பவர் கைக்கு அது அடங்குவதில் இருக்கிறது. மரத்தூளையும் கார்பன் இழையையும் பிசினில் கெட்டியாக்கிச் செய்த கிளாரினெட்டுகளைப் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில்கூட வாசிக்கிறார்கள், அவை வெடிப்பதில்லை. மாஸ்டரிடம் மரியாதையாகவே எடுத்துச் சொல்லுங்கள்.

மகளுக்கு ஆசையாக வாங்கிய மர கிளாரினெட் மூன்றே மாதத்தில் மேல் ஜாயிண்டில் நீளமாக வெடித்துவிட்டது. கடையில் கேட்டால் வாசிக்கத் தெரியாமல் வாசித்ததால் என்கிறார்கள். அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். இனி அது அவ்வளவுதானா?
– ஒரு அம்மா, கோயம்புத்தூர்

முதலில் மகளிடம் சொல்லுங்கள், அவள் மேல் தப்பே இல்லை. புது மரம் வெடிப்பது மூச்சால்தான், வாசிப்பின் தரத்தால் இல்லை. வாயிலிருந்து போகும் காற்று சூடு, ஈரம். உள்பக்கம் அதைக் குடித்து உப்புகிறது, வெளிப்பக்கம் குளிர்ந்து காய்ந்து இறுக்கமாக நிற்கிறது. உள்ளே பெருகி வெளியே பெருகாத மரம் என்ன செய்யும், கிழியும். மேல் ஜாயிண்டில் ஈரமும் அதிகம், துளைகளும் நெருக்கம், அதனால் பெரும்பாலும் அங்கேதான்.

எனக்கே நடந்தது இது. மார்கழி மாதம் விடியற்காலை கோயில் பிரகாரத்தில், பெட்டியிலிருந்து சில்லென்று எடுத்த கருவியைச் சூடுபடுத்தாமல் ஒரு மணி நேரம் வாசித்தேன். நடுவில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவு சின்னச் சத்தம், ஆனால் அதற்குப் பிறகு கீழ் சுரம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது தலைமுடி மாதிரி ஒரு கோடு, டிரில் கீயின் துளை வழியாக இரண்டு அங்குலம். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. அந்தக் கருவியைத்தான் இன்றும் வாசிக்கிறேன்.

ஆகவே இது முடிந்த கதை இல்லை. வெடிப்புக்குள் மெல்லிய பசையை இறக்கி, குறுக்கே எஃகு ஊசித் திருகுகள் போட்டோ கார்பன் இழைப் பட்டை கட்டியோ இறுக்கி, மேலே அதே மரத்தூளைப் பசையில் குழைத்துப் பூசித் தேய்த்துவிட்டால் இடம் தெரியாது. வெடிப்பு சுரத்துளைக்குள் ஓடியிருந்தால் அந்தத் துளைக்குத் தனியாக ஒரு வளையம் பதிக்க வேண்டி வரும். தெரிந்த ஆளிடம் கொடுங்கள், சரியாகச் செய்தால் நாதத்தில் துளி மாற்றம் இருக்காது. சரியாகும் வரை அதை வாசிக்க வேண்டாம்.

புதுக்கருவி வாங்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து: முதல் சில வாரம் ஒரு நாளைக்கு 15, 20 நிமிடத்துக்கு மேல் வாசிக்காதீர்கள், மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். வாசிக்கும் முன் மேல் ஜாயிண்டைக் கைக்குள்ளோ அக்குளிலோ வைத்து வெளிப்பக்கத்தைச் சூடாக்குங்கள், உள்ளே ஊதிச் சூடாக்காதீர்கள், அது நேர் எதிரான வேலை. வாசித்து முடித்ததும் துணி இழுத்து ஈரத்தைத் துடைத்து, மூட்டுத் தக்கையையும் துளைகளையும் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். ஏ.சி. அரங்கத்திலிருந்து வெயிலில் நிற்கும் காருக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

கீழ் சுரங்கள் திடீரென்று வர மறுக்கின்றன. ரீடு மாற்றியும் பயனில்லை.
– பேண்டு வாசிப்பவர், நாகர்கோவில்

பேட் ஒழுகுகிறது, அதாவது கீயின் அடியில் துளையை மூடும் மெத்தை வழியாகக் காற்று கசிகிறது. ஜாயிண்டைத் தனியாகக் கழற்றி, துளைகளை விரலால் மூடி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்து, மேல்பக்கம் வாய் வைத்து உறிஞ்சுங்கள். உறிஞ்சிய பிடி சில விநாடி நிற்க வேண்டும், விடும்போது ‘பொக்’ என்று சத்தம் வர வேண்டும். நிற்கவில்லை என்றால் ஒவ்வொரு பேடுக்கு அடியிலும் சிகரெட் தாளின் மெல்லிய கீற்றை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் ஒரே பிடியாக இருக்க வேண்டும், எங்கே வழுக்குகிறதோ அங்கே ஓட்டை. பேடை ஒட்டுவதற்குப் பாரம்பரியமாக அரக்குதான். கீயைக் கொஞ்சம் சூடுகாட்டினால் அரக்கு இளகும், பேடை நிமிர்த்தி உட்கார வைக்கலாம். வெள்ளிக் கீ என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது ஜெர்மன் சில்வர், செம்பும் நிக்கலும் துத்தநாகமும், மேலே முலாம். ஆனால் மரம் சூடாகக் கூடாது, கீயைக் கழற்றிச் செய்யுங்கள்.

கர்நாடக இசை வாசிக்கிறேன். வெளிநாட்டுக் கைவினைஞரிடம் ஆர்டர் கொடுத்துச் செய்துகொள்ள ஆசை. யாரிடம் கேட்பது?
– வித்வான், திருச்சி

கிளாரினெட் மேதை ஏ.கே.சி. நடராஜன் ஊர்க்காரர் கேட்கிறீர்கள், சந்தோஷம். ஜெர்மனியில் நொய்ஷ்டாட் ஆன் டேர் ஐஷில் ஹெர்பெர்ட் வூர்லிட்ஸர் பட்டறை, பாம்பெர்க்கில் செகெல்கே, சிலியின் சாண்டியாகோவில் லூயிஸ் ரோஸ்ஸி, நான் முன்பு சொன்ன ஸ்டீஃபன் ஃபாக்ஸ் என்று பெயர்கள் இருக்கின்றன. ரோஸ்ஸி தானே வாசிப்பாளர், மேல் கீழ் ஜாயிண்டுகளைப் பிரிக்காமல் ஒரே மரத்தில் உடல் செய்வதில் பேர் எடுத்தவர். ஆனால் ஜெர்மன் விரலமைப்பு வேறு, ஓஸ்கர் ஓலர் வழி வந்தது, பழகிய கையை மாற்ற வேண்டியிருக்கும்.

கமகம் வாசிக்கிறவருக்கு என் கருத்து: எந்தப் பட்டறை என்பதைவிட, விரல் நேராகத் துளையில் படுகிறதா, பாதி மூடிப் பாதி திறந்து வழுக்கிக்கொண்டு போக இடம் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். கீ குறைவான பழைய சிம்பிள் சிஸ்டம் கருவிகளை நம் பக்கம் இன்னும் விரும்புவதற்குக் காரணம் அதுதான். ஆர்டர் கொடுக்கும்போது உங்கள் மவுத்பீஸ், ரீடு இரண்டையும் அனுப்புங்கள், தோடியும் சங்கராபரணமும் வாசித்த ஒலிப்பதிவையும் அனுப்புங்கள். சுரத்துளையை எவ்வளவு அகட்டுவது என்று அவர் அதைக் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும்.

தாத்தா ராணுவ பேண்டில் வாசித்த கிளாரினெட் பரணில் கிடைத்தது. எதோடும் சுருதி சேரவில்லை, தூக்கலாகவே நிற்கிறது. துளைகளைத் திருத்திச் சரி செய்து தர முடியுமா?
– வாசகர், வேலூர்

தயவுசெய்து யாரிடமும் துளையைத் தொடக் கொடுக்காதீர்கள். மேல் ஜாயிண்டில் கம்பெனி முத்திரைக்குக் கீழே ‘எச்.பி.’ என்று இரண்டு எழுத்து இருக்கிறதா பாருங்கள், ஹை பிட்ச், அதாவது உயர்சுருதி என்று அர்த்தம். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920-களின் கடைசி வரைக்கும் உயர்சுருதியில் வாசித்தன, ஏ சுரம் 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 452-க்கு மேல். அந்தக் கருவி பழுதாகவில்லை, அது பிறந்ததே அந்தச் சுருதிக்கு. இன்றைய கிளாரினெட்டுக்குப் பக்கத்தில் மவுத்பீஸ் இல்லாமல் நிறுத்தி வைத்தால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாக இருக்கும். மவுத்பீஸுக்கும் மேல் ஜாயிண்டுக்கும் நடுவே இருக்கும் பாரல் என்கிற குட்டைக் குழாயை இழுத்து நீளமாக்கினால் மேல் துளைகளின் சுருதி அதிகமாக இறங்கும், கீழ்த் துளைகளின் சுருதி அவ்வளவு இறங்காது, எல்லாம் கலைந்துவிடும். துளையைப் பெரிதாக்கினாலோ சுருதி இன்னும் ஏறத்தான் செய்யும்.

எழுத்து இருந்தால் உள்துளைக்கு பாதாம் எண்ணெய் லேசாகத் தடவி, பேட் மட்டும் புதிதாகப் போட்டு, தாத்தா வாசித்த சுருதியிலேயே தனியாக வாசியுங்கள். எழுத்து இல்லை என்றால் மேல் ஜாயிண்டையும் பாரலையும் படம் எடுத்துப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள், அளவு தெரிய வேண்டும்.